ஜோடியோடு ஒரு தோழியும்: ஹேவ்லாக்கா, மாஃபுஷியா?

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடல் கிடையாது. நமக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஒகேனக்கல், விட்டால் கே.ஆர்.பி. அணை. அதனால் தீவுக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்ததும் வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். போகிறவர்கள் மூன்று பேர்: நான், வீட்டுக்காரர், ஓசூரில் வேலை பார்க்கும் என் தோழி. கடைசியில் களத்தில் நின்றவை அந்தமானின் ஹேவ்லாக், மாலத்தீவின் மாஃபுஷி. போய் வந்தது ஹேவ்லாக். மாஃபுஷிக்கு அறை, படகு, வரி எல்லாம் விசாரித்துப் பணம் கட்டும் இடம் வரை வந்து நின்றுவிட்டோம். அந்த மணலில் நான் கால் வைக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லட்சத்தீவு முதல் சுற்றிலேயே கழன்றுகொண்டது. நம் நாடுதான் என்றாலும் நுழைவு அனுமதி வாங்க வேண்டும். மூன்று பேருக்கும் லீவு கிடைத்த பிறகு அனுமதிக்காகக் காத்திருக்க மனம் வரவில்லை. இலங்கைக்குப் போனால் கண்டி, நுவரெலியா என்று மலையேறிவிடுவோம், கடற்கரைக்கு நாள் மிஞ்சாது. எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

மற்ற இரண்டுக்கும் பருவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நம்மூரில் மாம்பழ மண்டியும் கூழ் ஆலையும் மூச்சு விடாமல் ஓடுகிற மாதங்களும் பெரும்பாலும் அவைதான், ஆகவே யாருக்கும் இழப்பில்லை. ஜனவரி, பிப்ரவரி இரண்டு தீவுக்கும் பொருந்தும். விமானத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. எங்கே போனாலும் ஓசூர் சாலையைப் பிடித்து, சில்க் போர்டு தாண்டி, பெங்களூரு முழுவதையும் குறுக்கே கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். அதிகாலை விமானம் என்றால் ராத்திரியே கிளம்பிவிடுங்கள், பகலில் அந்த நகரத்தை நம்ப முடியாது. மாலத்தீவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். விசா அங்கே இறங்கியதும் இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இனி, முடிவைத் தீர்மானித்த விஷயம்: மூன்றாவது ஆள்.

கணவன் மனைவி மட்டும் போனால் எந்தத் தீவும் சரிதான். இரண்டு நண்பர்கள் போனாலும் அப்படியே. ஜோடியோடு ஒருவர் சேரும்போதுதான் கணக்கு இடிக்கிறது. அறை இரண்டு பேருக்கு, ஸ்கூட்டர் இரண்டு பேருக்கு, மெழுகுவத்தி ஏற்றிய சாப்பாட்டு மேசையும் இரண்டு பேருக்கு. அந்த மூன்றாவது ஆள் கூடுதலாகச் செலவழிக்கிறாரா, 'நான் எங்கே போய் உட்காருவது' என்று தவிக்கிறாரா என்பதை வைத்துத்தான் எந்த இடம் என்று பார்க்க வேண்டும்.

மாஃபுஷியில் இந்தக் கணக்கு தோழிக்குப் பாதகமாகவே வந்தது. ஒற்றை ஆளுக்கு அறை கேட்டாலும் இருவர் அறையின் வாடகையை ஒட்டித்தான் சொன்னார்கள். அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று வரிகள். 2025 ஜனவரியிலிருந்து, 50 அறைக்கு உட்பட்ட விருந்தினர் இல்லங்களில் ஓர் இரவுக்குத் தலைக்கு 6 டாலர் பசுமை வரி. பெரிய ரிசார்ட்டுகளில் 12 டாலர். நாலு இரவு, மூன்று பேர் என்றால் சின்ன இல்லத்திலேயே 72 டாலர். சுற்றுலாவுக்கான சரக்கு சேவை வரி 17 சதவீதம், சேவைக் கட்டணம் 10 சதவீதம். திரும்பும்போது சாதாரண வகுப்புக்கே தலைக்கு 50 டாலர் புறப்பாட்டு வரி, டிக்கெட்டிலேயே சேர்ந்து வரும். ஸ்பீடு படகும் தலைக்கணக்குதான். ஜோடி ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வதால் அறைச் செலவு பாதியாகிறது, தனி ஆளுக்கு எதுவும் பாதியாகவில்லை.

பணம்கூடப் பெரிதில்லை. மாஃபுஷி மிகச் சிறிய தீவு, நடந்தே சுற்றிவிடலாம். ஆமை பார்க்க, மணல்திட்டுக்குப் போக, சுறா பார்க்க என எல்லாமே படகுப் பயணம். மூன்று பேரும் ஒன்றாகவே போய், ஒன்றாகவே வந்து, சாயங்காலம் அதே கடற்கரையில் உட்கார வேண்டியிருக்கும். 'நீங்க ரெண்டு பேரும் போங்கண்ணா, நான் அப்புறம் வர்றேன்' என்று என் வீட்டுக்காரரிடம் அவள் சொல்லிவிட்டு எங்கே போவாள்?

ஹேவ்லாக்கில் போக இடமிருக்கிறது. இரண்டு ஸ்கூட்டி எடுத்தோம். ஒன்றில் நாங்கள், மற்றொன்றில் அவள். படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை சுமார் 12 கிலோமீட்டர், காட்டுக்கும் பாக்குத் தோப்புக்கும் நடுவே நல்ல சாலை. காலையில் கிழக்கே காலா பத்தர், மாலையில் மேற்கே ராதாநகர். நடுவில் யார் எங்கே இருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வங்காளி மெஸ்ஸில் மீன் சோற்றுக்கு முன்னால் கூடிவிடலாம். தங்கிய இடத்திலும் மூங்கில் குடிசை, ஏசி குடில் என்று ரகம் ரகமாக இருந்தன. அவள் குடிசை எடுத்தாள், நாங்கள் குடில். ஒரே வளாகம், அவரவர் பணத்துக்கு ஏற்ற அறை. பில்லைப் பிரிக்கும்போது யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு காலை அவள் டைவிங் போனாள், நாங்கள் போகவில்லை. நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே கீழே இறக்குகிறார். கிளம்பும் முன் கைச் சைகைகள் சொல்லித் தருவார்கள். கட்டைவிரலை உயர்த்தினால் தண்ணீருக்குள் 'சூப்பர்' என்று பொருளில்லை, 'மேலே போகணும்' என்று பொருள். முதல் மீன் கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் இவள் கட்டைவிரலைத் தூக்க, அவர் கடமை தவறாமல் மேலே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இரண்டாம் முறை, 'எல்லாம் சரி' என்பதற்கான சைகையாக, ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்து வைத்துக்கொண்டே இறங்கினாளாம். அன்று மத்தியானம் முழுக்க அவள் சொன்னாள், நாங்கள் கேட்டோம். மூவரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே போயிருந்தால் இந்தப் பேச்சு ஏது?

மாலத்தீவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தண்ணீரின் நிறத்திலும் தெளிவிலும் அதற்கு ஈடு சொல்வது கடினம் என்று போய் வந்தவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள், மறுக்க என்னிடம் அனுபவமில்லை. ஒரே ஒரு ரிசார்ட் மட்டும் உள்ள தீவில் தண்ணீர் மேல் கட்டிய வில்லா என்பது ஜோடிகளுக்கென்றே செய்தது. அங்கே மூன்றாவது ஆளைக் கூட்டிப்போவது அந்த ஆளுக்குச் செய்யும் துரோகம். மது வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று: மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் மதுவுக்குத் தடை.

ஹேவ்லாக்கின் தொல்லைகளும் லேசானவை அல்ல. விமானம் இறங்குவது போர்ட் பிளேரில், 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து தனியார் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அலை அதிகமென்றால் வாந்தி மாத்திரை போட்டவர்களும் தப்புவதில்லை. புயல் வந்தால் கப்பல் நின்றுவிடும். 2016 டிசம்பரில் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படை போய் மீட்க வேண்டியிருந்தது. கடைசி இரவைக் கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றிருக்கிறது. ஆகவே உயிர்காப்பாளர் 'இறங்காதே' என்று கைகாட்டும் இடத்தில் இறங்கவே கூடாது.

இன்னொன்று, பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு வெகு கிழக்கே இருக்கிறது. ஜனவரியில் தருமபுரியில் ஆறு மணிக்கு மேல் மறையும் சூரியன் அங்கே ஐந்தேகால் வாக்கில் இறங்கிவிடுகிறது. மதியத் தூக்கம் போட்டால் ராதாநகரில் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

இருவர் மட்டும் போகிறீர்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, ஐந்தாறு நாள் எதுவும் செய்யாமல் கிடந்தால் போதும் என்றால் மாலத்தீவுக்கே போங்கள். மூன்று பேர் என்றால் ஹேவ்லாக். தேதி முடிவானதும் விமானத்தோடு கப்பல் டிக்கெட்டையும் போட்டுவிடுங்கள், சீசனில் மூன்று இருக்கை சேர்ந்தாற்போல் கிடைப்பது சிரமம். டைவிங்கை முதல் நாட்களில் முடித்துவிடுங்கள். தண்ணீருக்குள் போய் வந்தபின் விமானம் ஏற 18 முதல் 24 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள்.