ஆற்காடும் ஆம்பூரும் ஒரே மாவட்டமா? ஓகேமல் பெர்சிஸ்டென்ட் யூனியன்-ஃபைண்ட்: ஒரு மதிப்பீடு

ஆம்பூரில் 2005-இல் வாங்கிய சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்றிருக்கும். அதே வீட்டின் இன்றைய முகவரி திருப்பத்தூர் மாவட்டம். ஆரணியில் 1980-களின் பத்திரத்தை எடுத்தால் வட ஆற்காடு மாவட்டம். எனவே முகவரிகளை ஒப்பிடும் மென்பொருள் "இந்த இரண்டு ஊரும் ஒரே மாவட்டமா?" என்று கேட்டால், எந்த ஆண்டில் என்று சொல்லாமல் அதற்குப் பதில் கிடையாது. ஒரே மாவட்டத்தில் இருப்பது என்பது பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் வரும் சமானத் தொடர்புதான்: தற்சுட்டு, சமச்சீர், கடப்பு மூன்றும் உண்டு. ஆண்டுக்கு ஒரு தொடர்பாக, எல்லாமே ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும்.

இதற்கென்றே அமைந்தது சில்வான் கோன்ஷோன், ழான்-கிறிஸ்தோஃப் ஃபிலியாத்ர் இருவரும் 2007-இல் வெளியிட்ட பெர்சிஸ்டென்ட் யூனியன்-ஃபைண்ட்: உறுப்புகளைக் குழுக்களாகச் சேர்த்து, பழைய பதிப்புகளையும் அழிக்காமல் வைத்திருக்கும் தரவுக் கட்டமைப்பு. ஓகேமல் மொழியில் சிறிய நிரல். ப்ராஜெக்டுக்குள் ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம். வெளியே தெரிவது மூன்றே செயல்கள்: தனித்தனி உறுப்புகளோடு தொடங்கும் கிரியேட், ஓர் உறுப்பின் குழுவுக்குப் பிரதிநிதியான எண்ணைத் தரும் ஃபைண்ட், இரண்டு குழுக்களைச் சேர்க்கும் யூனியன். யூனியன் பழைய தொடர்பைத் தொடாமல் புதிய தொடர்பைத் திருப்பித் தரும். உள்ளே அரேயை மாற்றி எழுதினாலும் வெளியே எதுவும் மாறாதது போலவே நடந்துகொள்கிறது என்பதை ஆசிரியர்களே காக் என்ற நிரூபணச் சரிபார்ப்புக் கருவியில் நிரூபித்திருக்கிறார்கள். பயமில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்ல இது ஒன்றே பெரிய காரணம்.

நம் மாவட்டக் கணக்கையே ஓட்டிப் பார்க்கலாம். யூனியன்-ஃபைண்டுக்குச் சேர்க்கத்தான் தெரியும், பிரிக்கத் தெரியாது. மாவட்டங்களோ 1989-இலும் 2019-இலும் பிரிந்தன. ஆகவே வரலாற்றைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும்: இன்றைய நிலையிலிருந்து தொடங்கிச் சேர்த்துக்கொண்டே போவது. வேலூர் 0, காட்பாடி 1, குடியாத்தம் 2, ஆற்காடு 3, வாலாஜா 4, அரக்கோணம் 5, திருப்பத்தூர் 6, ஆம்பூர் 7, வாணியம்பாடி 8, ஆரணி 9, போளூர் 10, செய்யாறு 11. கிரியேட் 12 என்று தொடங்கி எட்டு யூனியன் செய்தால் நான்கு குழுக்கள் வரும்; இது 2020-இன் பதிப்பு. அதன் மேல் 0-உடன் 3, 0-உடன் 6 என்று இரண்டு யூனியன் செய்தால் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரியாத 2018 பதிப்பு. அதற்கு மேல் 0-உடன் 9 சேர்ந்தால், திருவண்ணாமலை பிரியாத 1988-இன் வட ஆற்காடு. மூன்று பதிப்புகளையும் மூன்று பெயர்களில் வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

உள்ளே நடப்பது கணினி அறிஞர் ஹென்றி பேக்கரின் உத்தி. உண்மையான அரே ஒன்றுதான்; அதில் ஒவ்வொரு ஊரின் இடத்திலும் அதற்கு மேலுள்ள ஊரின் எண் இருக்கும், பிரதிநிதியின் இடத்தில் அதன் எண்ணே இருக்கும். கடைசியாகத் தொட்ட பதிப்பு அதைக் கையில் வைத்திருக்கும். மற்றப் பதிப்புகள் "இந்த இடத்தில் எனக்கு இந்த மதிப்பு, மீதிக்கு அடுத்தவரைப் பார்" என்று ஒரு வித்தியாசக் குறிப்பை மட்டும் வைத்திருக்கும். 2018 பதிப்பில் ஆம்பூரைக் கேட்டால் 7-லிருந்து 6, அங்கிருந்து 0 என்று ஏறி, அடுத்த முறை நேராகப் போவதற்காக 7-ஆம் இடத்திலும் 0 என்றே எழுதிவிடும். இப்போது 2020 பதிப்பைத் தொட்டால் அரேயில் 7, 6, 3 ஆகிய மூன்று இடங்களும் பழைய மதிப்புக்குத் திரும்பும். குறிப்புகள் திசை மாறி 2018 பதிப்பின் பக்கம் போய்விடும். ஆற்காட்டின் பிரதிநிதி 3, ஆம்பூரின் பிரதிநிதி 6. ஒரே மாவட்டம் இல்லை. 2018-இல் இரண்டுக்கும் 0.

இந்தத் திரும்பும் வேலைதான் விலை. ஒரு பதிப்பில் நின்று ஆயிரம் கேள்வி கேட்டாலும், ஒரு முறை திரும்பியதோடு சரி. பிறகு சாதாரண யூனியன்-ஃபைண்டின் வேகம். தவறான கிளையிலிருந்து பின்வாங்கி வேறு கிளையில் தொடரும் தேடல்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். ஆனால் 10,000 யூனியன் இடைவெளியுள்ள இரண்டு பதிப்புகளை மாறி மாறிக் கேட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் குறைந்தது 10,000 இடங்கள் மாற்றி எழுதப்படும். கேள்விகளை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தி, ஒரு ஆண்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முகவரிப் பட்டியலை வந்த வரிசையிலேயே ஓட்டுவதுதான் இதில் எல்லோரும் முதலில் செய்யும் பிழை.

கையால் எழுதிக்கொள்பவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். எழுதப்போகும் மதிப்பு ஏற்கெனவே அங்கே இருந்தால் அதே அரேயைத் திருப்பித் தர வேண்டும். இந்தச் சோதனையை விட்டால் ஒவ்வொரு ஃபைண்டும் பயனில்லாத குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகும். அடுத்து, திருப்பும் செயலைத் தன்னையே அழைக்கும் நேரடி ரிகர்ஷனாக எழுதினால் நீளமான சங்கிலியில் ஸ்டாக் நிரம்பிவிடும். கன்டினியுவேஷன் (மீதி வேலையை ஒரு செயலாகக் கையளிப்பது) வைத்து எழுதினால் அந்தச் சுமை ஹீப்புக்குப் போய்விடும்.

ஃபைண்ட் தரும் எண்ணை டேட்டாபேஸில் சேமிக்காதீர்கள். ஒரு பதிப்புக்குள் அது மாறாது; ஆனால் ஆற்காட்டுக்கு ஒரு பதிப்பில் 3, இன்னொன்றில் 0. அதை மாவட்ட எண்ணாக நினைத்துக்கொண்டால் பட்டியல் முழுவதும் குழம்பும். இரண்டு பதிப்புகள் சமமா என்று சமக்குறி போட்டுப் பார்ப்பதும் வீண். தொடர்பு ஒன்றாகவே இருந்தாலும் உள்ளமைப்பு வேறாக இருக்கலாம்.

நினைவகத்தில் நல்ல செய்தி: கடைசியாகத் தொட்டது புதிய பதிப்பு என்றால் குறிப்புகள் பழையதிலிருந்து புதியதை நோக்கியே இருக்கும்; அப்போது பழையதை விட்டுவிட்டால் குப்பை சேகரிப்பான் அதை அள்ளிவிடும். மறுபக்கம், பழையதை மட்டும் வைத்துக்கொண்டு புதியதை விட்டால் சங்கிலி அப்படியே தொங்கும். பழையதில் ஒரே ஒரு ஃபைண்ட் செய்தால் போதும், அந்த அரேயின் சங்கிலி அவிழ்ந்துவிடும்.

உறுப்புகளின் எண்ணிக்கையை முதலிலேயே சொல்லியாக வேண்டும், ஊர்ப்பெயர்களுக்கு எண் கொடுக்க ஒரு ஹாஷ் டேபிளும் தனியாகத் தேவை. பெரிய குறை என்றால் இது வேறு: ஓகேமல் 5-இல் இரண்டு டொமைன்கள் (இணையாக ஓடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் இரண்டு பதிப்புகளைத் தொட்டால் உள்ளிருக்கும் ஒரே அரே சிதைந்துவிடும். ஃபைண்ட் வெறும் வாசிப்பு என்று நம்பி லாக் (ஒரு நேரத்தில் ஒருவரையே தொட விடும் பூட்டு) போடாமல் விடுவது ஆபத்து, அதுவும் எழுதுகிறது.

ஹாஸ்கெல் மொழிப் பக்கம், அதன் தொகுப்புக் களஞ்சியமான ஹாக்கேஜில் பெர்சிஸ்டென்ட்-ஈக்விவலன்ஸ் தொகுப்பு இருக்கிறது. எல்லையைக் கொடுத்துத் தொடங்கி, ஈக்வேட், ஈக்வேட்ஆல் என்ற செயல்களால் சேர்த்துக்கொண்டு போகலாம். பெயர் கேட்டு ஈக்விவலன்ஸ் என்ற மற்றொரு தொகுப்பை எடுத்துவிடாதீர்கள். அது மதிப்புகளை இருந்த இடத்திலேயே மாற்றி எழுதும் எஸ்டி மோனடுக்குள் ஓடுவது, பழைய பதிப்பு கிடைக்காது.

பல கோர்களில் ஓட்ட வேண்டுமென்றாலோ பதிப்புகளுக்கிடையே தாவாமல் முடியாது என்றாலோ, எண்களைச் சாவியாகக் கொண்ட, மாறாத இன்ட்மேப் ஒன்றில் பேரன்ட் (மேலுள்ள உறுப்பு), இன்னொன்றில் ரேங்க் (மரத்தின் உயரம்) வைத்து, ஃபைண்ட் நேர்வழியை எழுதிவைக்கும் பாதைச் சுருக்கமே இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். ரேங்க் பார்த்துச் சிறியதைப் பெரியதன் கீழ் சேர்த்தால் 1,00,000 உறுப்புகளுக்கும் மரத்தின் உயரம் 16-ஐத் தாண்டாது. ஒரே பதிப்பில் நிற்கும்போது வேகம் குறையும், ஆனால் எந்த ஆண்டைக் கேட்டாலும் ஒரே செலவு, லாக்கும் வேண்டாம்.