சத்தம் கூடாமல் டர்போ காருக்கு எக்ஸாஸ்ட்: காக்கி புக்கிட் பட்டறையில் என் அனுபவம்

என் வண்டி 2014இல் பதிவான கோல்ஃப் ஜிடிஐ. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன், எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவும் கூடுதல் பவருக்கு மேப் செய்தது. 2024இல் சிஓஇயை, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றை, புதுப்பித்தேன், அதனால் இந்த வண்டியோடுதான் இன்னும் பல வருடம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்துக்கு நேர் எதிரே அடுத்த புளோக்கின் படுக்கையறைச் சன்னல்கள். எனக்கு ஷிஃப்ட் இருக்கும் நாளில் விடிகாலை ஐந்துக்கு முன்பே கிளப்ப வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்க அதுவாகவே ஆர்பிஎம்மை ஏற்றிக்கொள்ளும், முதல் ஒரு நிமிடம் அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் எதிர் வீட்டுக் குழந்தை விழித்தால் அது என் தப்பு. வேகம் வேண்டும், ஆனால் ஒரு டெசிபெல்கூடக் கூடக் கூடாது என்பதுதான் என் கணக்கு.

எக்ஸாஸ்ட்டை, அதாவது புகைக்குழாயை, மாற்றப் போய் முதலில் வேறொரு கடையில் ஏமாந்தேன். மூன்று அங்குலக் குழாய், நடுவில் சத்தத்தை விழுங்கும் ரெசொனேட்டர் கிடையாது, பின்னால் உருளை மாதிரி ஒரு சின்ன சைலன்சர். "டர்போ வண்டிக்கு டர்போவே சைலன்சர் மாதிரிதான், சத்தம் வராது" என்றார்கள். இதில் பாதி உண்மை. டர்போவுக்குள் சுழலும் டர்பைன் புகையின் துடிப்பை நிறைய விழுங்கிவிடும், அதனால்தான் டர்போ எஞ்சின் சாதாரண எஞ்சின் அளவுக்கு அலறுவதில்லை. ஆனால் அடித்தொனி தப்பித்து வந்துவிடும். விரைவுச்சாலையில் தொண்ணூறில் போகும்போது ஆறாவது கியரில் எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி ஓடும். நான்கு சிலிண்டரில் அது விநாடிக்குச் சுமார் 67 வெடிப்பு, அதாவது 67 ஹெர்ட்ஸ். சரியாக அந்த இடத்தில் வண்டிக்குள் ஒரு ரீங்காரம் எழும்பும், சன்னலைத் திறந்தால் குறையும், மூடினால் மண்டைக்குள் இறங்கும். அம்மாவைப் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டு அப்படியே அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், "ஏண்டா, காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு, பழைய கார் மாதிரி இல்லையே" என்றார். அன்று வீடு வரும் வரை அம்மா காதைப் பொத்திக்கொண்டே இருந்தது என்னை ரொம்பவே வருத்தியது.

அதைவிட மோசம், அவர்கள் கொடுத்த ஒப்புதல் தாள் என் மாடலுக்கு உரியதே இல்லை. இங்கே எக்ஸாஸ்ட்டை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், ஆனால் தாளில் உள்ள மாடலையும் பாகத்தின் மேல் அடித்திருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. நானும் பார்க்கவில்லை. பத்து வருடம் தாண்டிய காருக்கு வருடா வருடம் பரிசோதனை, அதற்குத் தயார் செய்யும்போதுதான் கண்ணில் பட்டது. என் ஒரிஜினல் சைலன்சரைக் கேட்டால் வீசியாகிவிட்டது என்றார்கள். தயவுசெய்து கழற்றிய பழைய பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், ஸ்டோர் ரூமில் இடம் இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியிலாவது போட்டு வையுங்கள்.

அப்புறம்தான் நண்பர் சொல்லி காக்கி புக்கிட்டில் இந்தப் பட்டறைக்குப் போனேன். முதலாளி ஒரு சீன அங்கிள், வெல்டிங் எல்லாம் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர். விலை பேசுவதற்கு முன்பே அந்தத் தம்பி வெட்டிப் போட்ட ஒரு பழைய சைலன்சரை மேசையில் வைத்துக் காட்டினார். உள்ளே சல்லடை மாதிரி ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றி இருக்க வேண்டிய கண்ணாடி இழைப் பஞ்சு முக்கால்வாசி கருகிப் பொடியாகியிருந்தது. தட்டினால் கையில் கரி கொட்டியது. "புதுசுல அமைதியா இருக்கும்ணே, பஞ்சு எரிஞ்ச பிறகு கத்தும். குழாயை ஒட்டி முதல்ல ஸ்டெயின்லெஸ் பஞ்சு சுத்தியிருக்கான்னு கேளுங்க, அப்பதான் நாள்பட நிக்கும்" என்றார். எந்தக் கடையிலும் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

அவர் விளக்கியதில் எனக்குப் பிடித்த விஷயம், சத்தம் என்பது ஒன்று இல்லை, இரண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தகரம் கிழிகிற மாதிரி வரும் கரகரப்பு மேல்தொனி, அதை நடுக்குழாயில் நேராகப் போகும் ரெசொனேட்டர் விழுங்கிவிடும், நீளம் கூடக் கூட நன்றாக விழுங்கும். ஆனால் 67 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அந்த ரெசொனேட்டரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதை அடக்கப் பின்பக்கச் சைலன்சருக்கு வயிறு வேண்டும், அதாவது கொள்ளளவு, இல்லாவிட்டால் அந்தத் தொனிக்கு அளவெடுத்து ஒரு பக்கம் மூடிய கிளைக்குழாய் வைக்க வேண்டும். அலைநீளத்தில் கால்பங்கு நீளம் என்று கணக்குப் போட்டால் சூடான புகையில் அது ஒன்றரை மீட்டருக்கும் மேல் வருகிறது, கோல்ஃபின் அடியில் அதற்கு இடம் ஏது? ஆகவே பெரிய சைலன்சர்தான் வழி. முனைக்குழாயின் பளபளப்பைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை அன்றே விட்டேன்.

குழாய் அளவும் இரண்டரை அங்குலம் போதும் என்று அங்கிள் உறுதியாகச் சொன்னார். மூன்று அங்குலம் என்றால் குறுக்குப் பரப்பு 44 சதவிகிதம் கூடுதல், 280 குதிரைத்திறனை ஒட்டி ஓடும் என் வண்டிக்கு அவ்வளவு தேவையே இல்லை, அடித்தொனிதான் கூடும். விலை கூடியதை விற்றிருக்கலாம், விற்கவில்லை. டர்போவை ஒட்டி வரும் முதல் குழாயான டவுன்பைப்பைத் தொடவும் வேண்டாம் என்றார். டர்போவுக்குப் பின் புகைக்குப் பெரிய தடை அங்கேதான் இருக்கிறது, பவர் வேண்டுமானால் அங்கேதான் கிடைக்கும், எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அதற்குள்தான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, அதைத் திறந்துவிட்டால் சத்தம், நாற்றம், புகைப் பரிசோதனை மூன்றும் சேர்ந்து வரும். போதாததற்கு, கூடுதல் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வால் சமாளிக்க முடியாமல் பூஸ்ட், அதாவது டர்போவின் காற்றழுத்தம், தானாக ஏறவும் வாய்ப்புண்டு. ஒரிஜினலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், இதுவரை வருத்தமில்லை.

கடைசியில் போட்டது என் மாடலுக்கே ஒப்புதல் உள்ள செட்: நீளமான ரெசொனேட்டர், பம்பருக்குக் குறுக்கே படுக்கும் பெரிய சைலன்சர், வளைவுகளில் நசுங்காமல் ஒரே விட்டமாக வளைத்த 304 ஸ்டெயின்லெஸ் குழாய். கூலியோடு 2,350 வெள்ளி. மலிவு இல்லை. தாளையும் எண்ணையும் என் கண்ணெதிரே ஒப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வண்டியைத் தூக்கினார்கள். மாட்டிய பிறகு தம்பி முனையை ஈரத்துணியால் பொத்தி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினார், ஒரு இடத்தில் குமிழி வந்தது, கேஸ்கெட்டைக் கழற்றி மறுபடி போட்டார்.

அன்றிரவே சிலேத்தார் விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். கரகரப்பு சுத்தமாக இல்லை. 2,000 ஆர்பிஎம்மில் மட்டும் மெல்லிய முனகல் பாக்கி இருந்தது, மனசு கனத்துப் போனது. மறுநாள் தம்பியிடம் சொன்னால் அவர் வண்டிக்கு அடியில் பார்க்கவே இல்லை, முன்கண்ணாடியின் அடிப்பக்கத்தில் கை வைக்கச் சொன்னார். ஜிடிஐயில் அங்கே சவுண்டாக்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, கண்ணாடியை அதிரவைத்து எஞ்சின் ஒலியை உள்ளே கூட்டுவது அதன் வேலை. திரையில் இண்டிவிஜுவல் மோடுக்குப் போய் எஞ்சின் ஒலியை ஈகோவில் வைத்ததும் முனகலும் போனது. இதற்குக் காசு வாங்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டு இரண்டு மணிக்குத்தான் லிஃப்டில் ஏற்றினார்கள், உட்கார இடமும் இல்லை. ஒரு ரப்பர் ஹேங்கர் இறுக்கம் போதவில்லை, கார் நிறுத்துமிடத்தின் வேகத்தடையில் பின்பக்கம் டொக்கென்று இடிக்கிறது. சனிக்கிழமை காலை சீக்கிரம் வந்தால் உடனே மாற்றித் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார், அம்மாவும் கூட வருகிறேன் என்கிறார், போகிற வழியில் கேலாங் சிராய்ச் சந்தையில் மீன் வாங்க வேண்டுமாம்.