டொலேடோ ஒரு நாள் பயணம்: வழிகாட்டி அருமை, நேரப் பங்கீடு ஏமாற்றம்

கடந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஸ்பெயின் சென்றிருந்தபோது, மட்ரிட்டிலிருந்து டொலேடோவுக்கு வழிகாட்டியுடன் கூடிய பேருந்துப் பயணத்தைச் சிங்கப்பூரிலிருந்தே முன்பதிவு செய்திருந்தேன். வழிகாட்டிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். நேரத்தைப் பங்கிட்ட நிறுவனத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

மட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், தாகோ ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் குன்றின்மேல் அமைந்த ஊர் இது. 1226இல் தொடங்கி 1493இல் முடிக்கப்பட்ட பேராலயத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பீடத்துக்குப் பின்னால், மேற்கூரையைத் திறந்து பகல் வெளிச்சத்தைச் சிற்பங்களின்மேல் இறங்கச் செய்த 18ஆம் நூற்றாண்டு வேலைப்பாட்டை, கழுத்து வலிப்பதையும் பொருட்படுத்தாமல் மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். சான்டோ தொமே தேவாலயத்தில் ஓவியர் எல் கிரேக்கோவின் பெரிய ஓவியத்தையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

அதன் பிறகுதான் குறை தொடங்கியது. வாள்களும், கறுத்த எஃகில் தங்க இழை பதித்த நகைகளும் விற்கும் கடையில் எங்களை ஐம்பது நிமிடம் நிறுத்திவைத்தார்கள். அந்தக் கைவினை இவ்வூரின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஐம்பது நிமிடத்தில் பறிபோனது யூதர் குடியிருப்பு. அங்குள்ள எல் டிரான்சிடோ என்ற யூதத் தொழுகைக்கூடத்தை வாசலிலிருந்து மட்டும் காட்டினார்கள். கிறிஸ்தோ தெ லா லூஸ் பள்ளிவாசல் பயணத் திட்டத்திலேயே இல்லை.

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலையும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும் அருகருகே பார்த்து வளர்ந்த எனக்கு, டொலேடோவில் விடுபட்ட அந்த இரண்டையும் காணாமல் திரும்ப முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, மட்ரிட்டின் அதோச்சா நிலையத்திலிருந்து அரை மணி நேர ரயிலில் மூவரும் மீண்டும் போனோம். 999இல் கட்டப்பட்ட சிறிய கிறிஸ்தோ தெ லா லூஸ் பள்ளிவாசலில் ஒன்பது விதானங்கள் உள்ளன. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. 1085இல் ஊர் கிறிஸ்தவ அரசரின் கைக்கு வந்த பிறகு, அடுத்த நூற்றாண்டில் அது தேவாலயமாயிற்று. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எல் டிரான்சிடோவின் சுவர்களில் எபிரேய வரிகளும் அரபு வரிகளும் சுதை வேலைப்பாட்டோடு கலந்து ஓடுகின்றன. 1492இல் யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டபின் அதுவும் தேவாலயமாகி, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. எங்கள் சாலையில் வெவ்வேறு வாசல்களில் நிற்கும் வழிபாடுகள், இங்கே ஒரே கூரையின் கீழ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயிருக்கின்றன. அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள் 12ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் கூடியிருந்ததை வழிகாட்டி பேருந்திலேயே அழகாக விளக்கியிருந்தார். அந்தப் பேச்சின் பொருள் எனக்கு இந்தச் சுவர்களின் முன்னால்தான் முழுமையாக விளங்கியது.

வழிகாட்டியின் விளக்கம் வேண்டுவோர், கடையில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்று முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். மற்றவர்களுக்கு ரயிலே நல்லது. தெருக்கள் செங்குத்தான கற்பாதைகள். முழங்கால் வலியுள்ள என் அம்மா, மதிலுக்கு வெளியிலிருந்து மேலே ஏறும் மின்படிகளால்தான் சமாளித்தார். இடையில் பசித்தால், பாதாமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மசாபான் வாங்கிக்கொள்ளலாம். எல் டிரான்சிடோ அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.