மேலதிகாரி மீதே புகார் என்றால் ஷீ-பாக்ஸ் எவ்வளவு உதவும்?

வேலையிடப் பாலியல் தொல்லைக்கு ஆன்லைனில் புகார் கொடுக்க ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நடத்தும் தளம்தான் ஷீ-பாக்ஸ். 2017-இல் வந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் புதுப்பித்துத் திறந்தார்கள். கட்டணம் இல்லை. அரசு ஊழியர், தனியார் ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சிக்கு வந்த பெண் என யாரும் பயன்படுத்தலாம். ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: இந்தத் தளம் புகாரை உரிய குழுவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். விசாரிப்பது அந்தக் குழு. அதனால் புகார் எந்தக் குழுவுக்குப் போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

2013-ஆம் ஆண்டின் வேலையிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். ஆனால் இந்தக் குழுவை நியமிப்பது முதலாளி. அவர் மீதே புகார் என்றால், அவரிடம் சம்பளம் வாங்குபவர்கள் அவரை எப்படி விசாரிப்பார்கள்? அதற்காகத்தான் மாவட்டந்தோறும் உள்ளூர் புகார் குழு என்று ஒன்றைச் சட்டம் வைத்திருக்கிறது. நிறுவன உரிமையாளர், நிர்வாக இயக்குநர், பல்கலைக்கழகத் துணைவேந்தர் போன்றவர்கள் மீதான புகார் அங்கேதான் போக வேண்டும். 10 பேருக்குக் குறைவான கடை, கிளினிக், வக்கீல் அலுவலகம் ஆகியவற்றுக்கும் அதுதான் இடம். டீம் லீடர், மேனேஜர் மட்டத்தில் உள்ளவர் என்றால் உள்ளகக் குழு போதும். தளத்தில் சம்பவத்தை விவரிக்கும் இடத்தில் முதல் வரியாகவே எழுதுங்கள்: “இந்தப் புகார் என் முதலாளி மீதானது, உள்ளூர் புகார் குழு விசாரிக்க வேண்டும்.”

அடுத்தது நாள் கணக்கு. பலர் தோற்பது இங்கேதான். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். அதற்கு மேல் கிடையாது. கொல்கத்தாவில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீதான வழக்கைப் பாருங்கள். கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் கொடுத்தது 2023 டிசம்பர். காலம் கடந்துவிட்டது என்று உள்ளூர் குழு தள்ளியது. அங்குள்ள ஒரு மையத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து தன்னை நீக்கியதும் தொல்லையின் தொடர்ச்சிதான் என்று புகார் தந்தவர் வாதிட்டார். அது நிர்வாக நடவடிக்கை என்று சொல்லி, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் புகார் காலம் கடந்ததே என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆகவே இடமாற்றம், மோசமான மதிப்பீடு போன்ற பழிவாங்கலில் இருந்து நாளை எண்ணாதீர்கள். பாலியல் ரீதியான கடைசிச் செயல் நடந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். எங்களைக் கேட்டால், அதிகாரத்தில் இருப்பவருக்கு அஞ்சி வாய் திறக்கவே மாதக்கணக்கில் ஆகும் பெண்ணுக்கு இந்த 3 மாதம் அநியாயமாகக் குறைவு. சட்டம் மாறும்வரை தேதிதான் உங்கள் பாதுகாப்பு.

தளத்தின் உண்மையான பலமும் அந்தத் தேதிதான். பதிவானதும் எண் கிடைக்கும், நிலையைப் பார்க்கலாம். “எங்களுக்குப் புகாரே வரவில்லை” என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. புகாரின் விவரத்தைக் குழுத் தலைவர் மட்டுமே பார்க்கும்படி அமைத்திருப்பதும் நல்ல ஏற்பாடு. குறை என்னவென்றால், குழுவே இல்லாத இடத்தில் தளத்தால் ஒன்றும் செய்ய முடியாது. மாவட்ட அலுவலர்களையும் உள்ளூர் குழுக்களையும் கெடு வைத்து நியமிக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், சட்டம் வந்து 11 ஆண்டு கழித்தும் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் தளத்தை மட்டும் நம்பாதீர்கள். அதே புகாரை 6 பிரதிகளாக, ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு குழுவிடம் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளூர் குழு எங்கே என்று மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம்.

புகாரில் “தவறாக நடந்துகொண்டார்” என்று எழுதினால் நிற்காது. இப்படி எழுதுங்கள்: “மார்ச் 4, மாலை 6.40. இரண்டாம் மாடி ஆவண அறை. கதவைச் சாத்தினார். என் இடுப்பில் கை வைத்து, ‘நீ ஒத்துழைத்தால் ஜூனில் பதவி உயர்வு’ என்றார். 6.50-க்கு வெளியே வந்து இன்னாரிடம் சொன்னேன்.” அவர் சொன்ன வார்த்தை கூசினாலும் அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள்.

பலர் கேட்காமலே விடுவது இடைக்கால நிவாரணம். இடமாற்றம், 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு, உங்கள் பணி மதிப்பீட்டை அந்த ஆள் எழுதக் கூடாது என்ற தடை ஆகியவற்றை விசாரணை நடக்கும்போதே பெறலாம். ஆனால் எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். எதிர்த்தரப்புக்கு 7 வேலைநாளில் நகல் போகும், அவர் 10 வேலைநாளில் பதில் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்து முடிப்பது சட்டப்படி செல்லாது. “நிரூபிக்க முடியாவிட்டால் உன் மேல் நடவடிக்கை” என்று மிரட்டினால் நம்பாதீர்கள். நிரூபிக்க இயலாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று சட்டமே சொல்கிறது.

3 மாதம் கடந்துவிட்டதா? காவல் நிலையம் திறந்தே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 75-ஆம் பிரிவில் தொடுதலுக்கும், பாலுறவு கேட்பதற்கும் 3 ஆண்டு வரை சிறை. ஆபாசப் பேச்சுக்கு 1 ஆண்டு வரை. முன்னதற்கு 3 ஆண்டு வரையிலும் பின்னதற்கு 1 ஆண்டு வரையிலும் வழக்குத் தொடர இடமுண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் தளத்துக்குப் போகவே வேண்டாம். அதற்குக் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது; நேராகக் காவல்துறை அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. பெண்களுக்கான உதவி எண் 181.