ஓர் ஆன்டிவைரஸுக்குத் துணையாக டிஃபெண்டர்: ஒரு மதிப்பீடு

சென்னை ரிச்சி தெருவில் ஆன்டிவைரஸ் சாவி (மென்பொருளைச் செயல்படுத்தும் உரிம எண்) வாங்கப் போனால், ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டால் பயமில்லை என்று சொல்லி இரண்டாவது பெட்டியையும் எடுத்து வைக்கும் கடைக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் செலவு இல்லாமலேயே, விண்டோஸுடன் இலவசமாக வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை வேறோர் ஆன்டிவைரஸுக்குத் துணையாக, அவ்வப்போது ஸ்கேன் செய்ய மட்டும் வைத்துக்கொள்ளும் ‘பீரியாடிக் ஸ்கேனிங்’ என்ற வசதி ஒன்று விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளது. மயிலாப்பூரில் உள்ள எங்கள் தணிக்கை அலுவலகக் கணினியில் அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். அங்கே முதன்மைக் காவல், சென்னையிலேயே 1991இல் தொடங்கப்பட்ட கே7 நிறுவனத்தின் மென்பொருள்.

வசதியை மதிப்பிடுமுன், இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இவை ஒவ்வொன்றும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மட்டத்தில் டிரைவர் எனப்படும் ஒரு சிறு நிரலை அமர்த்தி, எந்தக் கோப்பு திறக்கப்பட்டாலும் இடைமறித்துச் சோதிக்கின்றன. இருவர் ஒரே வாசலில் நின்றால் ஒவ்வொரு கோப்பும் இருமுறை சோதனைக்கு உள்ளாவது மட்டுமன்றி, ஒரு மென்பொருள் ஜிப் கோப்பை விரித்துப் பார்ப்பதற்காகத் தற்காலிகமாக எழுதிவைக்கும் துண்டையே மற்றது வைரஸ் என்று பிடித்துக்கொள்ளவும் கூடும். கணக்கு மென்பொருளான டேலி போல ஓயாமல் கோப்புகளைப் படித்தும் எழுதியும் வரும் நிரல்களில்தான் இந்தச் சுணக்கம் முதலில் தெரியும். கெர்னல் மட்டத்தில் நேரும் பிழை எவ்வளவு பெரியதாகலாம் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது: கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்க, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். அதற்கு ஒரே ஒரு பாதுகாப்பு மென்பொருள் போதுமானதாக இருந்தது.

ஆகவே, வேறோர் ஆன்டிவைரஸ் விண்டோஸின் பாதுகாப்புச் செயலியான விண்டோஸ் செக்யூரிட்டியில் தன்னைப் பதிவு செய்துகொண்டதும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்வது சரியான ஏற்பாடு. ஒதுங்கிய அதனை அவ்வப்போது ஸ்கேன் செய்ய மட்டும் அழைப்பதே நான் சொல்லும் வசதி. வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தில் டிஃபெண்டர் விருப்பங்களுக்குள் ஒரே ஒரு பொத்தானாக இருக்கிறது. கோப்புகளை இடைமறிக்கும் வேலையில் டிஃபெண்டர் தலையிடாததால் கணினியின் வேகத்தில் மாற்றம் எதையும் நான் உணரவில்லை.

ஆனால் இதைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். டிஃபெண்டரின் திறன்களில் ஒரு சிறு பகுதியே இம்முறையில் செயல்படுகிறது என்றும், பெரும்பாலான தீங்கு நிரல்களை இதனால் கண்டறிய முடியாது என்றும், நிறுவனங்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்றும் மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதைப் பாராட்டலாம், அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே சொல்லியிருந்தால் இன்னும் பாராட்டலாம். சந்தேகம் எழும் நாளில் இரண்டாம் கருத்துக் கேட்பதற்கு வேண்டும்போது மட்டும் இறக்கி இயக்கும் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரே மேல் என்பது என் முடிவு. நிறுவத் தேவையில்லை, இறக்கிய 10 நாட்களில் காலாவதியாகிவிடும் என்பதால் பழைய வைரஸ் பட்டியலை வைத்துக்கொண்டு ஏமாறும் வாய்ப்பும் குறைவு. மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பும் நன்று. ஆனால் முதல் 14 நாள் சோதனைக் காலத்தில் அதுவும் முழுநேரக் காவலில் இறங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டாவது சாவிக்கென எடுத்துவைத்த பணம் இருந்தால், கணக்குகளை நகலெடுத்துத் தனியே கழற்றி வைக்க ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குவதே பயனுள்ள செலவு.

முதன்மை ஆன்டிவைரஸின் சந்தா முடிந்தாலோ அதை அகற்றினாலோ டிஃபெண்டர் முழுக் காவலுக்குத் திரும்பிவிடும். அகற்றிய மென்பொருளின் எச்சங்கள் தங்கிவிட்டால் மட்டும் இது தடைபடலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் பாதுகாப்பு வழங்குநர்கள் பட்டியலைத் திறந்து, பழைய பெயர் இன்னும் அங்கே இருந்தால், அந்த நிறுவனமே தரும் அகற்றும் கருவியை இயக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்; வேறோர் ஆன்டிவைரஸ் வேண்டுமானால் அதன் பின்னரே நிறுவுங்கள்.