டென்மார்க் கல்விச் சுற்றுலா: ஜீலாந்தா, ஜட்லாந்தா?

டென்மார்க்குக்கு மாணவர்களைக் கூட்டிப்போவது என்று முடிவானதும், பலரும் கண்ணை மூடிக்கொண்டு 'கோபன்ஹேகனில் ஐந்து நாள்' என்று எழுதிவிடுகிறார்கள். விமான நிலையம், ரயில், அருங்காட்சியகம் எல்லாமே அங்கே பக்கத்தில் இருக்கின்றன. தலைநகரம் அமைந்திருக்கும் ஜீலாந்து தீவில் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த ஐந்து நாளை மேற்கே, ஜெர்மனியை ஒட்டிய ஜட்லாந்து தீபகற்பத்தில் செலவிடுவதே மேல் என்பேன். மண் எப்படி உருவானது, அந்த மண்ணில் மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்ற இரண்டு பாடமும் அங்கே சேர்ந்தே கிடைக்கின்றன.

ஜீலாந்தின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஹெல்சிங்கோர். அங்கே குரோன்போர்க் கோட்டைக்கு எதிரே கடல் சுமார் நான்கு கிலோமீட்டராகக் குறுகுகிறது. அக்கரையில் தெரிவது ஸ்வீடன். இந்த வழியே போன வெளிநாட்டுக் கப்பல்களிடம் 1429 முதல் 1857 வரை டேனிஷ் அரசு சுங்கம் வாங்கியது. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை அரசருக்கு இருந்தது. கோட்டை மதிலருகே நின்று, 'நீங்கள் கப்பல் தலைவரானால் என்ன விலை சொல்வீர்கள்?' என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பொருளாதாரப் பாடம் தானாகச் சூடு பிடிக்கும்.

தமிழ்ப் பிள்ளைகள் என்றால் ரோஸ்கில்டேயை விடக் கூடாது. அங்குள்ள பேராலயத்தில் டென்மார்க்கின் அரசர் அரசியரில் நாற்பது பேர் வரை அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நான்காம் கிறிஸ்டியன். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியது இவர் ஆட்சியில்தான். நாயக்கர் அனுப்பிய தங்க ஏட்டு மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடிக் கோட்டையில் ஓடியாடிய பிள்ளைக்கு இந்தக் கல்லறை வெறும் கல்லாக இருக்காது.

இயற்கைக்கு ஸ்டெவன்ஸ் கிளிண்ட் என்ற கடலோரச் சுண்ணப் பாறை. அங்கே ஹோயரூப் என்ற ஊரில் படியிறங்கிக் கரைக்குப் போனால், வெள்ளைப் பாறைக்கு நடுவே சில சென்டிமீட்டர் தடிமனில் ஒரு கருத்த களிமண் கோடு தெரியும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தில் படிந்தது அது. விண்கற்களில் அதிகமாகவும் பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் காணப்படும் இரிடியம் என்ற உலோகம் அதில் மிக அதிகமாக இருந்ததும் விண்கல் மோதல் கருத்துக்கு ஓர் ஆதாரமானது. மேலே நிற்கும் பழைய தேவாலயத்தின் ஒரு பகுதி 1928-ல் பாறையோடு சரிந்து கடலில் விழுந்துவிட்டது. இதற்கு இணையான ஓர் இடம் ஜட்லாந்தில் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜீலாந்தின் குறை வேறு. ஒவ்வோர் இடத்துக்கும் காலையில் கிளம்பி மாலையில் கோபன்ஹேகனுக்கே திரும்புவோம். நடுவிலுள்ள நிலம் ரயில் ஜன்னலோடு சரி.

ஜட்லாந்தில் அந்த நடுவழிதான் பாடம். பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்கினால் யெல்லிங் பக்கம். அரசர் ஹரால்ட் புளூடூத் சுமார் 965-ல் நிறுத்திய, 'ரூன்' என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது: டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றதாகவும், டேனியர்களைக் கிறிஸ்தவர்கள் ஆக்கியதாகவும் அரசரே சொல்லிக்கொள்கிறார். கைப்பேசியில் இருக்கும் புளூடூத்துக்கு இவர் பெயர்தான் என்று சொன்னால் போதும், பிள்ளைகள் கல்லை விட்டு நகர மாட்டார்கள்.

யெல்லிங்கிலிருந்து ரீபேக்குப் பேருந்தில் போகும்போது யாரையும் தூங்க விடாதீர்கள். கிழக்கே மேடும் பள்ளமுமாக இருந்த வயல்வெளி மெல்ல மெல்லத் தட்டையாகிவிடும். கடைசிப் பனிக்காலத்தில் பனிப்பாளம் ஜட்லாந்தின் நடுப்பகுதியோடு நின்றுவிட்டது. அது மூடியிருந்த கிழக்கில் வளமான களிமண். அது உருகி ஓடிய மேற்கில் மணல். கிழக்கு செழித்ததும் மேற்கு நெடுங்காலம் புதர்க்காடாகக் கிடந்ததும் அதனால்தான். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் படிப்பதை ஒன்றரை மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம்.

ரீபே டென்மார்க்கின் மிகப் பழைய நகரம். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தையாக உருவானது. ஆற்றங்கரையில் ஒரு கம்பம் இருக்கிறது. கடல் பொங்கி ஊருக்குள் வந்த ஒவ்வொரு முறையும் நீர் எவ்வளவு உயர்ந்தது என்று அதில் வளையம் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 1634. அந்த ஆண்டு வெள்ளம் பேராலயத்துக்குள்ளேயே புகுந்தது. அண்ணாந்து அந்த வளையத்தைப் பார்க்கும் மாணவருக்கு, ஊருக்கு வெளியே கரை ஏன் கட்டினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் வாடன் கடல். ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) இறங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறும் மணலுமாகிவிடும் இந்தக் கடலின் டேனிஷ் பகுதி 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரீபே அருகிலிருந்து மான்டோ தீவுக்கு டிராக்டர் இழுக்கும் வண்டியில், கடலின் அடித்தரை மேலேயே போகலாம். ஐந்து நாளில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பண்பாட்டுக்கு ரீபே பக்கத்து ரோடிங். 1844-ல் முதல் நாட்டுப்புற உயர்பள்ளி அங்கேதான் தொடங்கியது. கிராமத்து இளைஞர்கள் தேர்வுக்கு அஞ்சாமல், கூடி வாழ்ந்து, பேசிப் படிக்க வேண்டும் என்ற டேனிஷ் பாதிரியார் குருண்ட்விக்கின் எண்ணத்தில் பிறந்தது. நம் மாணவர்களுக்கு இது கோபன்ஹேகன் சைக்கிள் பாதையைவிட அதிகம் யோசிக்க வைக்கும் விஷயம்.

கடைசி இரண்டு நாள் வடக்கே. பேருந்தில் நான்கு மணி நேரம் ஆகும், அலுப்புதான். ஆனால் ரூபியர் க்னூடே கலங்கரை விளக்கத்தைக் கடல் விழுங்கிவிடாமல் இருக்க 2019-ல் அப்படியே 70 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். ஸ்கேகன் அருகே மணல் மூடி 1795-ல் கைவிடப்பட்ட தேவாலயத்தின் கோபுரம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. நாட்டின் வட முனையில் இரண்டு கடல்களின் அலைகள் எதிரெதிரே வந்து மோதுகின்றன.

டேனிஷ் பள்ளிகள் பல தங்கள் வகுப்புகளைக் கூட்டிப்போவது போர்ன்ஹோல்ம் தீவுக்கு. அழகான இடம். ஆனால் அது கருங்கல் தீவு. டென்மார்க்கின் மற்ற பகுதிகள் அப்படி இல்லை. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

மூன்றே நாள் என்றாலோ, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றாலோ ஜீலாந்துதான் சரி. ரயிலை நம்பியே பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். ஜட்லாந்துக்கோ தனிப் பேருந்து வேண்டும், செலவு கூடும்.

ஜட்லாந்து என்று முடிவு செய்தால், விமானச் சீட்டு வாங்கும் முன் மான்டோ வண்டிகளின் நேரத்தைப் பாருங்கள். ஓதத்தைப் பொறுத்து அது நாளுக்கு நாள் மாறும். அந்த ஒரு நாளை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற நான்கையும் அதற்கு முன்னும் பின்னுமாக அடுக்குங்கள்.