டவுன் சிண்ட்ரோம் குழந்தையைத் தத்தெடுக்க: பல்கேரியாவா, இந்தியாவா, அமெரிக்காவிலேயேவா?

டவுன் சிண்ட்ரோம் (21ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சி தாமதப்படும் பிறவி நிலை) உள்ள குழந்தையை வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க நினைக்கும் அமெரிக்கத் தம்பதிக்கு இன்று தேர்வுகள் குறைவு. ரஷ்யா 2013 ஜனவரியிலேயே அமெரிக்கர்களுக்குக் கதவடைத்துவிட்டது. உக்ரைனில் 2022 போரோடு எல்லாம் நின்றுபோனது. 2024 செப்டம்பரில் சீனாவும், உறவினர் தத்தெடுப்பைத் தவிர மற்றதைக் கைவிட்டது. மிச்சமிருப்பதில் பல்கேரியாவையும் இந்தியாவையும் எடுத்துக்கொண்டு, உள்நாட்டுத் தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கைக்குழந்தைதான் வேண்டும் என்பவர்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. அமெரிக்காவில் தேசிய டவுன் சிண்ட்ரோம் தத்தெடுப்பு வலையமைப்பு என்ற அமைப்பு, ஹோம் ஸ்டடி, அதாவது தத்தெடுக்க ஏற்ற வீடுதானா என்று பார்க்கும் ஆய்வு, முடித்த குடும்பங்களின் பட்டியலைக் கட்டணமின்றிப் பராமரிக்கிறது. பெற்ற தாய் தன் குழந்தைக்கு ஏற்ற குடும்பத்தைத் தேடும்போது அந்தப் பட்டியல் உதவுகிறது. டவுன் சிண்ட்ரோம் குழந்தையை யாரும் எடுக்கமாட்டார்கள் என்ற நினைப்பு அங்கே பொய்த்துப்போகிறது, காத்திருப்பவர்கள் குடும்பங்கள்தான்.

பல்கேரியாவில் நிலைமை தலைகீழ். அங்கே காத்திருப்பவர்கள் குழந்தைகள், பெரும்பாலும் கொஞ்சம் வளர்ந்தவர்கள். பெற்றோர் இருமுறை போக வேண்டும். முதல் முறை குறைந்தது ஐந்து நாள் குழந்தையோடு பழக வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் அழைத்துவர இரண்டாம் பயணம். நடைமுறை ஒழுங்கானது. சிரமமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆதரவற்ற குழந்தைகள் விடுதியில் வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு மெல்லத் தெரியாமல், கூழாக்கிய உணவே பழகியிருக்கலாம். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்டதால் அழாமலே இருக்கலாம். இதில் எது டவுன் சிண்ட்ரோம், எது விடுதி வாழ்க்கை என்று பிரித்துப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும்.

இந்தியாவில் எல்லாம் காரா என்ற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளம் வழியாகவே நடக்கும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. முதல் வாய்ப்பு இந்தியக் குடும்பங்களுக்கு. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் அந்த வரிசையிலேயே வருகிறார்கள். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பின் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். பேச்சு தாமதமாக வரும் பிள்ளைக்குக் காதில் பழகிய மொழியோ, அதற்கு நெருங்கிய மொழியோ வீட்டில் கேட்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் நாட்டைவிட முக்கியம் இதயம். டவுன் சிண்ட்ரோமோடு பிறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை உண்டு. இதய அறைகளுக்கு நடுவிலுள்ள பெரிய ஓட்டையை வழக்கமாக முதல் வயதுக்குள் சரிசெய்துவிடுவார்கள். செய்யாமல் விட்டால் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறி, பிறகு அறுவைக்கே வழியில்லாமல் போகலாம். ஆகவே ஆறு வயதுக் குழந்தையின் கோப்பில் 'இதயத்தில் சத்தம்' என்று மட்டும் இருந்தால் அதோடு நிற்காதீர்கள். எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை கேளுங்கள், தைராய்டு பரிசோதனையையும் சேர்த்து. மினசோட்டா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இத்தகைய கோப்புகளைப் படித்துச் சொல்லவே மருத்துவர்கள் இருக்கிறார்கள். மோசமான அறிக்கையைப் பார்த்தும் 'சரி' என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தில் பலர் கவனிக்காத ஓர் ஓட்டை இருக்கிறது. வெளிநாட்டுத் தத்துக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். அதற்கு அமெரிக்க வரிச்சலுகை உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் வெளிநாட்டுக் குழந்தை 'சிறப்புத் தேவையுள்ள' குழந்தை ஆகாது, டவுன் சிண்ட்ரோம் இருந்தாலும்! எனவே உண்மையில் செலவழித்த தொகைக்குத்தான், அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்டுத்தான் சலுகை. அமெரிக்க அரசின் வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து (பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகளை அரசு பொறுப்பேற்று வளர்க்கும் ஏற்பாடு) தத்தெடுத்தால், செலவே இல்லாவிட்டாலும் முழுச் சலுகை கிடைக்க வாய்ப்புண்டு. மாதாந்தர உதவித்தொகையும் பெரும்பாலும் அப்படித் தத்தெடுப்பவர்களுக்கே.

பல்கேரியா, இந்தியா இரண்டும் வீடு திரும்பிய பின்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிள்ளையின் வளர்ச்சி அறிக்கை கேட்கும். அமெரிக்கக் குடியுரிமை, 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குள் நிபந்தனைகள் நிறைவேறினால் தானாகவே வரும். ஆனால் குடியுரிமைச் சான்றிதழ், பிள்ளை எந்த விசாவில் வந்தாலும் தானாக வந்துவிடும் என்றில்லை. விண்ணப்பித்தாவது கையில் வாங்கி வையுங்கள். பதினெட்டில் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனுப்போடும்போது குடியுரிமைக்கு ஆதாரம் கேட்பார்கள்.